மச்சான் கொடுத்த இரத்தம்

'ஆரோக்கியமான ஆள்' என்று ஒட்டிய ஒரு குழாய் உங்கள் மேசைக்கு வரும். இன்றைக்கு வராவிட்டால் அடுத்த வாரம் வரும். நோயாளியின் இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்த, நோயில்லாத ஒருவருடைய இரத்தம் அது. நாம் அதைக் கன்ட்ரோல் என்கிறோம். நோயாளியின் குழாய்க்குக் கிடைக்கிற மரியாதையில் பாதிகூட அதற்குக் கிடைப்பதில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழன் சாப்பிட்டானா என்று யார் கேட்கிறார்கள்?

ஓய்வு பெற்று, மலையகத்தில் பிறந்த ஊரான கொட்டகலைக்கே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிற என்னிடம், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். இயந்திரங்களைப் பற்றி எழுத மாட்டேன். நான் பழகிய இயந்திரங்கள் எல்லாம் இந்நேரம் பழைய இரும்புக் கடையில் இருக்கும். அந்தக் குழாயைப் பற்றி எழுதுகிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு பெருமூச்சு வருகிறது, நல்ல பெருமூச்சு.

முதலில் நம் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை. நீங்கள் படித்ததுதான். ஆனால் வீட்டுக்குப் போனால் அம்மா கேட்பார், "நீ அங்க என்னதான் பண்ற?" என்று. அப்போது ஸ்ப்ளைசிங் என்று சொல்லிவிட்டு முழிக்கக் கூடாது. நான் என் அம்மாவுக்குக் கல்யாண வீடியோவை வைத்துத்தான் சொன்னேன். எடுத்தபடியே இருக்கிற வீடியோவில் எல்லாம் இருக்கும். சாம்பார் வாளி, யாரோ ஒருவர் முதுகு, அழுகிற குழந்தை, நடுவில் தாலி கட்டு. ஹட்டன் டவுனில் வீடியோக்காரர் அதை நகலெடுத்து, வேண்டாததை வெட்டி, வேண்டியதை ஒட்டிக் கொடுப்பார். நம் உடம்பிலும் மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ என்ற நகல் எடுக்கப்பட்டு, வெட்டி ஒட்டிய பிறகுதான் வேலைக்குப் போகிறது. இந்த வெட்டி ஒட்டுகிற வேலை மற்ற உறுப்புகளைவிட மூளையில் அதிகம். வெட்டுகிறவன் கை தவறித் தாலி கட்டையும் குப்பையில் போட்டுவிட்டால்? வீடியோ ஓடும். பாட்டும் கேட்கும். கல்யாணம் மட்டும் நடந்திருக்காது. மூளையில் வருகிற எத்தனையோ நோய்களுக்கு அதுதான் காரணம். அம்மா இதைக் கேட்டுவிட்டு, "நம்ம வீட்டு வீடியோவுலயும் ஒங்க சித்தப்பா மொகமே இல்ல, அதுவும் இந்த வியாதிதான்" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே சிவலிங்கம், புஷ்பா என்று ஒரு தம்பதி. முதல் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே வலிப்பு வந்து இறந்துபோனது. இரண்டாவது ரோஷினி. அவளுக்கும் பிறந்தவுடன் வலிப்பு. எந்த மருந்துக்கும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு டொக்டர், முயன்று பார்ப்போம் என்று விட்டமின் பி-ஆறை ஊசியில் கொடுத்தார். குழாயை மூடியது போல வலிப்பு நின்றது. அன்றிலிருந்து தினமும் அந்த மாத்திரை. பிள்ளை வளர்ந்து, பள்ளிக்கூடமும் போகத் தொடங்கினாள்.

விட்டமினால் நிற்கிற வலிப்பு நோய் ஒன்று உண்டு. மிக அரிது. அந்த நோயானால் மாத்திரையை உயிர் உள்ளவரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வலிப்பு திரும்பி வரும். வந்தால் பிள்ளை பிழைப்பது நிச்சயமில்லை. ஆனால் ரோஷினிக்கு அந்த நோய்தானா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பிறந்த குழந்தைக்கு வருகிற சில வலிப்புகள் தாமாகவே அடங்கிப் போவதும் உண்டு. இதற்கிடையில் இன்னொரு தொல்லை. அந்த மாத்திரையை அதிக அளவில் வருஷக்கணக்காகச் சாப்பிட்டால் பாதத்து நரம்பு கெடும். ரோஷினிக்குக் கால் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. முள் குத்தினால் தெரியவில்லை. தேயிலை மலைப் பாதையில் அடிக்கடி விழுந்தாள்.

மாத்திரையைத் தொடர்ந்தால் கால் போகும். நோய் உண்மையாக இருந்து மாத்திரையை நிறுத்தினால் பிள்ளையே போவாள். மலைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர் இதை வைத்துத் தூக்கமில்லாமல் இருந்தார். சிறுநீரில் பார்க்கிற ஒரு பரிசோதனை உண்டுதான்; அதற்கு அப்போது நம் நாட்டில் வசதியில்லை. டி.என்.ஏ-யை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்த்ததில் ஒரேயொரு எழுத்து இரண்டு பிரதியிலும் மாறியிருந்தது, ஒரு பிரதி அப்பாவிடமிருந்து, மற்றது அம்மாவிடமிருந்து. ஆனால் அந்த மாற்றத்தால் புரதத்தின் அர்த்தம் மாறாது. மௌனமான மாற்றம், தீங்கில்லாததாக இருக்கலாம் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். இருக்கலாம் என்பதை வைத்து ஒரு பிள்ளைக்கு மாத்திரை எழுத முடியுமா?

அதனால்தான் கொழும்பில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தார்கள். அர்த்தம் மாறாத எழுத்தும் சில சமயம் வெட்டுகிறவனை ஏமாற்றிவிடும். இங்கே வெட்டு என்று எழுதியது போல அவன் கண்ணுக்குத் தெரியும். அதை டி.என்.ஏ-யில் பார்க்க முடியாது, ஆர்.என்.ஏ-யில்தான் பார்க்க வேண்டும். அதிர்ஷ்டவசமாக இந்த மரபணு இரத்தத்திலும் கொஞ்சம் வேலை செய்கிறது. மூளையைத் தொட வேண்டியதில்லை.

ஆர்.என்.ஏ எவ்வளவு சொகுசான பொருள் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். மலையிலிருந்து ரயில் கோச்சியில் கொழும்புக்கு இறங்கி வருவதற்குள் குளிர், வெயில், குலுக்கல் எல்லாம் பட்டுவிடும். அதனால் எங்கள் ஆய்வுகூடத்து ஆள் ஒருவருடைய இரத்தத்தோடு ஒப்பிட்டால் சரிவராது. அதே நாளில், அதே இடத்தில் எடுத்து, அதே பெட்டியில் வருகிற இரத்தம்தான் கன்ட்ரோலாக வேண்டும். ஆஸ்பத்திரியில் சிவலிங்கத்திடம் சொன்னார்கள்: நோய் நொடி இல்லாத ஆள் ஒருவரைக் கூட்டி வாருங்கள், இரத்த சம்பந்தம் மட்டும் இருக்கக் கூடாது. அவரும் கூட்டி வந்தார். நான்கு குழாய்கள் எங்களுக்கு வந்து சேர்ந்தன. அப்பா, அம்மா, பிள்ளை, ஆரோக்கியமான ஆள்.

நகல்களை நீளப்படி பிரித்துக் கோடுகளாகக் காட்டுகிற படத்தைப் பார்த்தபோது பிள்ளையிடம் கீழ்க்கோடு மட்டும் அழுத்தமாகத் தெரிந்தது. கீழ்க்கோடு என்றால் குட்டையான நகல், ஒரு துண்டை இழந்த நகல். மேலே இருக்க வேண்டிய முழு நகலின் கோடு இருக்கிறதா இல்லையா என்பது போல மங்கல். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இரண்டு கோடும் இருந்தன. இதுவரை எல்லாம் நாங்கள் எதிர்பார்த்ததுதான். ஆரோக்கியமான ஆளிடமும் இரண்டு கோடு இருந்ததுதான் இடித்தது.

எங்கள் தலைவியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் போன் எடுத்துத் திட்டுவார். கடற்கரைப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. கோபக்காரர், ஆனால் நேர்மையான கோபம். அவர் சிங்களத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"பார், நோயே இல்லாதவருக்கும் கீழ்க்கோடு இருக்கிறது. அப்படியென்றால் இது எல்லார் இரத்தத்திலும் கொஞ்சம் வருகிற ஒன்று. பிள்ளையின் மேல்கோடு வழியில் சிதைந்திருக்கும். நீளமானதுதான் முதலில் உடையும். இந்த மாற்றத்தைக் குற்றம் சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை."

புத்தகப்படி அவர் சொன்னதில் பிழையே இல்லை. ஆனால் அப்படி எழுதிய அறிக்கைத் தாள் மலைக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆதாரம் இல்லையென்றால், காலைக் காப்பாற்றுவதற்காக, வியாழக்கிழமை கிளினிக்கில் மாத்திரையைக் குறைத்து நிறுத்த ஆரம்பிப்பார்.

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் இரண்டு கோடும், ஆரோக்கியமான ஆளின் இரண்டு கோடும் இரட்டைப் பிள்ளைகளைப் போல இருந்தன.

"மேடம், இந்த ஆள் யாரு?" என்று கேட்டேன்.

"ஆரோக்கியமான ஆள்."

"அது சரி. யாரு?"

"இரத்த உறவு இல்லையென்று அப்பாவே சொல்லியிருக்கிறார். டொக்டர் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்தியிருக்கிறார். இன்னும் என்ன?"

இன்னும் என்னவா? நான் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தால்தான் அன்றைய சம்பளம் என்பது எனக்குத் தெரியும். வேலை நாளில் அதை விட்டுவிட்டு, பஸ் ஏறி, யாரோ ஒரு பிள்ளைக்காகக் கையை நீட்டி ஊசி குத்திக்கொள்ள அந்நியன் எவன் வருவான்? எங்கள் ஆட்கள் இரக்கம் இல்லாதவர்கள் என்று சொல்லவில்லை. சாவு வீடு என்றால் தோட்டமே வரும். ஆனால் ஊசிக்கு வருகிறவன் சொந்தக்காரன்தான். இதை நான் மேடத்திடம் சொன்னேன்.

சிவப்புப் பேனா மேசையில் விழுந்தது. "உன் ஊர்க்காரர்கள் பொய் சொல்கிறார்கள் என்கிறாயா?"

"பொய் சொல்ல மாட்டாங்க மேடம். அதுதான் என் பயமே."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, "வியாழக்கிழமைக்குள் முடியுமென்றால் போய்ப் பார். முடியாவிட்டால் இந்தத் தாள்தான் போகும். பிள்ளையின் காலையும் யோசிக்க வேண்டும், இல்லையா?" என்றார். அதுவும் நியாயம்தான். தினமும் ஒரு மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அந்த ஆளின் டி.என்.ஏ-யைப் பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும். ஆனால் வந்திருந்தது ஆர்.என்.ஏ-க்கான குழாய், அதை எடுக்கும்போதே டி.என்.ஏ-யை அழித்துவிடுகிறோம். சிவலிங்கத்துக்குப் போன் போட்டால் கிடைக்கவில்லை. அந்த லயத்தில் சிக்னல் வாங்க மலை உச்சிக்கு ஏற வேண்டும். டொக்டரைப் பிடித்து, தோட்டத்து டிஸ்பென்சரி வழியாகச் சொல்லி அனுப்ப வைத்தேன். எல்லாரும் வாருங்கள், போன முறை இரத்தம் கொடுத்தவரையும் கூட்டி வாருங்கள் என்று. வெறுங்குழாய்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு விடிகாலைக் கோச்சியில் ஏறிவிட்டேன்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மழைத் தூறல். அவர்கள் ஏற்கெனவே வந்து வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். ரோஷினி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் நீலச் செருப்பு, மற்றக் காலில் ஒன்றும் இல்லை.

"எங்கம்மா மத்தச் செருப்பு?" என்று கேட்டேன்.

அவள் குனிந்து காலைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"பஸ்ஸுலயே உட்டுருக்கும்ங்க," என்றார் புஷ்பா. "கழண்டா அதுக்குத் தெரியாது. இந்த வருசம் எத்தன சோடிதான் வாங்குறது."

சேற்றில் நடந்து வந்த அந்த வெறுங்காலின் விரலில் ஒரு வெட்டு, இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பிள்ளை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. டொக்டர் பஞ்சை வைத்துத் துடைத்தபோது வேறு எங்கோ வேடிக்கை பார்த்தாள். கொழும்பிலிருந்து கிளம்பும்போது எனக்கு ஒரே பயம்தான் இருந்தது. அந்தக் காலைப் பார்த்த பிறகு இரண்டாயிற்று.

சிவலிங்கத்துக்குப் பக்கத்தில் வாட்டசாட்டமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். மூர்த்தி. தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற பகுதியில் வேலை. ஊசி என்றாலே நடுங்குகிற மனிதர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. என் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று சிவலிங்கத்திடம் கேட்டேன்.

"மச்சாங்க."

"எப்படி மச்சான்?"

"எங்க பெரிய அத்த மகன்ங்க."

டொக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டேன்: "ரத்த சம்பந்தம் இல்லாத ஆளத்தானே கேட்டாங்க?"

சிவலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆமாங்க, அதத்தானே கூட்டியாந்தேன். எங்க சித்தப்பா மகன் வர்றேன்னு நின்னான். நீ பங்காளிடா, ஒரே ரத்தம், நீ வரக்கூடாதுன்னு நாந்தான் வேணாமுன்னேன். இவரு மச்சாங்க. நாங்க பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்குற வீடு. ஒரே ரத்தமா இருந்தா எப்படிங்க கட்டுவோம்? தப்பில்லியா?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? அவர் கேள்வியைச் சரியாகத்தான் கேட்டிருக்கிறார், தன் உலகத்தின் சட்டப்படி மிகச் சரியான ஆளைத்தான் கூட்டி வந்திருக்கிறார். சித்தப்பா மகனைத் திருப்பி அனுப்பியிருக்கிறார் பாருங்கள், அவ்வளவு கவனம். எங்கள் ஆட்களுக்கு இரத்தம் என்பது அப்பா வழியில் ஓடுகிற ஒன்று. அத்தையைக் கட்டிக் கொடுத்த அன்றே அத்தை வீட்டு இரத்தம் வேறாகிவிடுகிறது. மரபணுவுக்கு மட்டும் யாரும் இதைச் சொல்லவில்லை.

"சிவலிங்கம், ஒங்க அத்தையும் ஒங்க அப்பாவும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்கதானே? அந்தத் தாத்தா பாட்டிகிட்டருந்து ஒங்களுக்கு வந்ததுல கொஞ்சம் மூர்த்திக்கும் வந்திருக்கலாம்," என்றேன்.

அவர் யோசித்தார். மூர்த்தியும் யோசித்தார். ஆனால் முதலில் புரிந்தது புஷ்பாவுக்குத்தான். அவர் முகம் வெளுத்தது.

"நான் இவங்களோட சின்ன அத்த மகளுங்க," என்றார் மெல்ல. "அப்ப எங்க ரெண்டு பேருக்குமே அதே ரத்தம்தானா? நாங்க கட்டுனதுதான் தப்பா? மூத்ததும் அதுனாலதான் போச்சா?"

பிள்ளைகளே, உங்களுக்கு இந்தக் கேள்வி ஒருநாள் வரும். இதற்கு எந்த இயந்திரமும் பதில் சொல்லாது. உண்மையை மறைக்கவும் கூடாது, அந்தப் பெண்ணின் தலையில் பாரத்தை ஏற்றவும் கூடாது. நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எங்க அம்மாவும் அப்பாவும் மாமன் மக, அத்த மகன்தான் புஷ்பா. நாங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். சொந்தத்துல கட்டுற வீட்டுல, ஒளிஞ்சிருக்குற ஒண்ணு வெளிய வர்றதுக்கு வழி கொஞ்சம் கூட. அவ்வளவுதான். ஒங்களுக்கு யாரும் சொல்லல. தெரியாம நடந்தது தப்பாகாது. இப்ப தெரிஞ்சுக்கிட்டா இவளக் காப்பாத்தலாம். அதுக்குத்தான் நான் வந்தேன்."

அவர் அழுதார். அழட்டும் என்று விட்டேன். சிவலிங்கம் எழுந்து வந்து, எங்கள் ஆண்கள் நாலு பேர் முன்னால் ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்தார், மனைவியின் தோளில் கை வைத்தார். மூர்த்தி தானாகவே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "இன்னொரு தரம் குத்தணும்னா குத்துங்க. எம்புட்டு வேணுமோ எடுங்க," என்றார், கண்ணை இறுக்க மூடிக்கொண்டே.

இந்த முறை அவரிடம் டி.என்.ஏ-க்கும் எடுத்தோம், ஆர்.என்.ஏ-க்கும் எடுத்தோம். இப்போது உண்மையிலேயே சொந்தமில்லாத ஒருவர் வேண்டும். நானே கொடுக்கிறேன் என்றேன். சிவலிங்கம் நிமிர்ந்தார்.

"நீங்க எந்தத் தோட்டம்ங்க?"

சொன்னேன்.

"யாரு வீடு?"

அதையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அட, அந்தத் தோட்டத்து மேல் லயத்துலதாங்க எங்க தாத்தாவோட தங்கச்சியக் குடுத்திருந்துச்சு! அப்படிப் பாத்தா நீங்க எனக்கு அக்கா மொற வேணும்."

"நீங்க வேணாம், மிஸ்," என்றார் டொக்டர் அவசரமாக. அவர் தெற்குப் பக்கத்துச் சிங்களவர். எங்களோடு பழகித் தமிழ் கற்றுக்கொண்டவர். நானே கொடுக்கிறேன் என்று கையை நீட்டியவர், முந்தின வாரம்தான் காய்ச்சலில் படுத்து எழும்பியவர் என்பது ஞாபகம் வந்து இழுத்துக்கொண்டார். கடைசியில் ஆஸ்பத்திரிக் கன்டீன் நடத்துகிற முஸ்லிம் நானாவை அழைத்து வந்தோம். பேருவளைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை போட்டவர். நான் அவரை விடவில்லை. வாப்பா யார், உம்மா யார், எங்கே பெண் எடுத்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டேன்.

"என்ன மிஸ், ரத்தம் எடுக்கக் கேக்கிறீங்களா, மாப்பிள்ளை எடுக்கக் கேக்கிறீங்களா?" என்றார் நானா. எல்லோரும் சிரித்தார்கள். புஷ்பாவும் சிரித்தார்.

மழையால் கோச்சி தாமதம் என்றார்கள். பஸ்ஸில் இறங்கினேன். கினிகத்தேனையில் மூடுபனி இறங்கி வாகனங்கள் எல்லாம் ஊர்ந்தன. பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தேன். பக்கத்து ஸீட்டு அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உள்ள மீனா?" என்று கேட்டார். இல்லை, இரத்தம் என்றேன். அதற்குப் பிறகு எனக்கு ஸீட்டில் தாராளமாக இடம் கிடைத்தது.

ஆய்வுகூடத்தில் என்ன செய்தோம் என்பதை விவரிக்கத் தேவையில்லை. நீங்கள் தினமும் செய்வதுதான். மேடமும் நானும் படத்தின் முன்னால் நின்றோம். நானாவின் வரிசையில் மேல்கோடு ஒன்றுதான், சுத்தமாக, திடமாக. அதே பனியில், அதே பஸ்ஸில், என் மடியில் வந்த இரத்தம், ஒன்றும் சிதைந்திருக்கவில்லை. சிவலிங்கம், புஷ்பா, மூர்த்தி மூவருக்கும் இரண்டு கோடு. ரோஷினிக்குக் கீழ்க்கோடு, அதைத் தவிர வேறில்லை. மூர்த்தியின் டி.என்.ஏ-யும் வந்தது. அதே எழுத்து, அதே மாற்றம், ஒரு பிரதியில்.

மேடம் மூர்த்தியின் வரிசை மேல் விரலை வைத்தார். பிறகு, "கெடுத்துவிட்டார் என்று நினைத்தோமே அந்த மச்சான், அவர்தான் சாட்சி," என்றார். உண்மைதான். மாற்றம் இல்லாதவருக்குக் குட்டை நகல் இல்லை. ஒன்று இருப்பவர்கள் மூவருக்கும் பாதி. இரண்டும் இருப்பவளுக்கு முழுவதும் குட்டை. அந்த எழுத்து மௌனமானதே அல்ல. அதுதான் வெட்டச் சொல்லியிருக்கிறது. மூர்த்தி தவறுதலாக வந்திருக்காவிட்டால் எங்களிடம் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் இருந்திருப்பார்கள். இத்தனை உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

பழைய தாளை மேடம் கிழிக்கவில்லை. அதன் மேல் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டு, தன் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார். அவர் ஓய்வு பெறும்வரை அது அங்கேதான் இருந்தது. பிறகு டொக்டருக்குத் தானே போன் எடுத்தார். "நிறுத்தாதீர்கள். ஒருநாளும் நிறுத்தாதீர்கள். நோய் அதுதான்." அந்தப் பக்கத்தில் டொக்டர் ஏதோ சொன்னார். மேடம் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அழுகிறான் பைத்தியக்காரன்," என்றார். அவர் கண்ணும் சரியாக இல்லை.

நோய் இன்னதென்று தெரிந்ததும் டொக்டருக்குத் துணிவு வந்தது. நிறுத்தாமல், வலிப்பைத் தடுக்கப் போதுமான அளவுக்கு மட்டும் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார். சாப்பாட்டிலும் சில மாற்றங்கள் சொன்னார். அதுவரை யாருக்கும் அவ்வளவு குறைக்கப் பயம். எது நோய் என்று தெரியாமல் எதைக் குறைப்பது? வலிப்பு வரவில்லை. கால் மட்டும் எப்படி ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கெட்ட நரம்பு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டொக்டர். அதற்கு எங்கள் ஆய்வுகூடத்தில் பரிசோதனை இல்லை.

இதிலிருந்து பாடம் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். யாராவது சோம்பேறியாக இருந்ததால் இது நடக்கவில்லை. டொக்டர் கேட்டார், அப்பா சரியாகப் பதில் சொன்னார், மேடம் புத்தகப்படி முடிவெடுத்தார். எல்லாரும் ஒழுங்காகத்தான் வேலை செய்தார்கள், அப்படியும் ஒரு பிள்ளை பள்ளத்தின் விளிம்பில் நின்றாள். ஆகவே உங்கள் மேசைக்கு அந்தக் குழாய் வரும்போது, அதில் ஒட்டியிருப்பதை மட்டும் படிக்காமல், யார் என்று கேளுங்கள். எப்படிச் சொந்தம் என்று கேளுங்கள். யார் யாருக்கு எங்கே பெண் கொடுத்தார்கள் என்று, கல்யாணத் தரகரைப் போல வெட்கமில்லாமல் கேளுங்கள். உங்கள் மேடம் திட்டினால் திட்டட்டும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இல்லை, மறக்கவில்லை, கடைசிக்கு வைத்திருந்தேன்.

நான் ஓய்வு பெற்று இங்கே வந்த புதிதில், கொட்டகலை பஜாரில் ஒரு செருப்புக் கடைக்குப் போயிருந்தேன். உள்ளே ஒரு சிறுமியின் சிணுங்கல். ஒரு பெண்மணி குந்தியிருந்து அவளுக்குப் புதுச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, புஷ்பா. பிள்ளை நன்றாக வளர்ந்திருந்தாள். எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"மிஸ்!" என்று புஷ்பா எழுந்தார். அவர் பேசுவதற்குள் ரோஷினி அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இது வேணாம். இது கடிக்குது."

கடைக்காரர் வேறு சோடி எடுக்கப் போனார். புஷ்பா போகவிடவில்லை. கண் நிறைந்து வழிய, சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டு மகளிடம் சொன்னார்:

"எங்க கடிக்குது? காட்டு. மிஸ்ஸுக்கும் சொல்லு. எங்கெங்க கடிக்குதுன்னு நல்லாச் சொல்லு!"